கை நனைக்காமல் போனவர்கள்

தம்பி,

நலமா என்று கேட்டு, நாங்கள் நலம் என்று சொல்லி ஆரம்பிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "டூட்டில இருக்கேம்மா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். குரலைப் பதிவு செய்து அனுப்பினால் அம்மா அழுகிறாளா இல்லையா என்று பார்ப்பாயே தவிர, சொல்வதைக் காதில் வாங்க மாட்டாய். அதனால்தான் பேப்பரை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்துப் படம் பிடித்து அனுப்புகிறேன். அடுத்த வாரம் நீ சென்னையிலிருந்து கத்தாருக்கு விமானம் ஏறப்போகிறாய். ஏறினால் இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பி வருவாய். அதற்குள் கயல்விழிக்கு வேறு இடம் பார்த்துக் கல்யாணமும் முடித்துவிடுவார்கள். உனக்கும் அவளுக்கும் பேசிக்கொண்டிருந்த கல்யாணத்தை நீ ஒரே மெசேஜில் வேண்டாம் என்றுவிட்டாய். நேற்று நான் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரடியாகச் சொன்னால் நீ குதிப்பாய். முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் எனக்கு வார விடுமுறை. ஆனாலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிறேன். போய்ப் பார்த்தால் இன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

உன் மெசேஜை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. "அம்மா, இந்தச் சம்பந்தம் வேணாம். காரணம் கேக்காதீங்க. என்னை மிஸ்அண்டர்ஸ்டாண்ட் பண்ணிக்காதீங்க." கடையில் பில் போடுகிற பெண்ணிடம் அந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம் என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை. நான் நினைப்பதைத் தவிர வேறு ஏதாவது நல்ல அர்த்தம் இருந்துவிடாதா என்ற நப்பாசைதான். "தப்பாப் புரிஞ்சுக்கிறதுக்கா. அவ்ளோதான். எல்லாரும் தெனம் சொல்றதுதானே?" என்றாள். தினமும் சொல்கிறார்கள்தான். அன்று முழுக்க நான் பட்டுச்சேலை மடித்துக்கொண்டே அந்த வார்த்தை எங்கெங்கே விழுகிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுப் பார்த்தால் எல்லோரும் அதை அடுத்தவர் தலையில்தான் வைக்கிறார்கள். நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க, அவரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு, என்னைத் தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. அதைவிட, நான் இப்போது தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று யாராலும் சொல்லவே முடியாது என்று எனக்குத் தோன்றியது. தோசை சுட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம். தூங்கி வழிந்துகொண்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். இந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறபோது செய்கிறோம் என்று தெரிவதில்லை. எல்லாம் முடிந்து, ஆகிற நஷ்டம் ஆன பிறகுதான் தெரிகிறது. உனக்கு இன்னும் தெரியவில்லை. அதுதான் என்னை உட்கார விடாமல் அடிக்கிறது.

நானும் யோக்கியமில்லை. உன் மெசேஜைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நம் வீட்டைப் பார்த்து உனக்கே வெட்கமாகிவிட்டது என்று நினைத்தேன். கயல் வீட்டார் சம்பந்தம் பேசக் காரில் வந்து இறங்கியதும், நீ பின்கட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். அதை நான் மனசில் வைத்துக்கொண்டேன். அம்மா கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சேலைக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் என்று அந்தப் பெண் வீட்டுக்குத் தெரிந்துபோனது உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்தக் கோபத்தில்தான் நானும் சில நாள் உனக்குப் போன் செய்யவில்லை. "இவனுக்காகவா இத்தனை வருஷம் நின்னேன்" என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன், தம்பி. இந்த வாக்கியத்தை ஒரு ஆளாவது சொல்ல வேண்டாமா? நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

உண்மைக் காரணம் முந்தாநாள்தான் தெரிந்தது. கயலின் அம்மா போன் செய்தார். எடுத்ததும் மதினி என்றுதான் கூப்பிட்டார். சம்பந்தம் முறிந்த பிறகும் வாய் அந்த முறையை விடவில்லை. "மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரவுக ஒங்க வீட்ல சாப்புடலன்னு தம்பி கோவப்பட்டுச்சாமே? எங்க அம்மா சமைச்சது ஒங்க அப்பாவுக்குத் தொண்டைல எறங்காதான்னு கயலுக்கிட்டக் கேட்டுச்சாமே? இவ என்னடான்னா அப்பாவப் பேசிட்டாருன்னு சோறு தண்ணி இல்லாம கெடக்கா. என்ன ஏதுன்னு இப்பத்தான் வாயத் தொறந்தா. நாங்க கை நனைக்காம வந்தது தப்பா மதினி? அது மொறதானே?" என்றார். நான் போனைப் பிடித்தபடி கடை மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் உன்மேல் அப்படி ஒரு கோபம். அதற்கப்புறம், நீ எனக்காகத்தான் இதைச் செய்திருக்கிறாய் என்று உறைத்தபோது அழுகை வந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து என்னக்கா பிரஷரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

தம்பி, நம் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள், பேச்சு முடிவாகும் வரைக்கும் அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். காப்பித்தண்ணி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டால் சம்பந்தத்தை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். நாளைக்கு ஏதாவது காரணத்தால் ஒத்துவராமல் போனால், அந்த வீட்டில் உப்பைத் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொல்வது மனசுக்குக் கஷ்டம். அதனால் கை நனைப்பதைத் தள்ளிப் போடுவார்கள். அதே நேரம், அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தே நாம் வடை பாயசத்தோடு சமைத்து வைக்க வேண்டும். சாப்பிடுங்கள் சாப்பிடுங்கள் என்று வருந்தி வருந்திக் கூப்பிட வேண்டும். அவர்கள் இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று கும்பிட வேண்டும். இதில் கெஞ்சலும் இல்லை, அவமானமும் இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்தே செய்கிற மரியாதை. இதெல்லாம் எனக்குத் தெரியும், கயலின் அப்பா அம்மாவுக்குத் தெரியும். நீ பத்தாவதிலிருந்து ஹாஸ்டல், அவள் காலேஜிலிருந்து ஹாஸ்டல். தெரிந்த பெரியவர்கள் மூன்று பேரும் நிம்மதியாக இருந்தோம். தெரியாத நீங்கள் இரண்டு பேரும் எங்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டீர்கள். இப்படி ஒரு கூத்து எங்காவது நடக்குமா?

என் கல்யாணக் கதையை உன்னிடம் சொன்னேனா என்று தெரியவில்லை. கறம்பக்குடியில் எங்கள் வீட்டுக்கு உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு உன் தாத்தா வந்தார். ஊரிலேயே பெரிய சாப்பாட்டு ராமன் அவர். எங்கள் அம்மா வடையைப் பொரித்துக்கொண்டிருக்கிறாள், வாசனை கூடத்துக்கு வருகிறது. அவர் துண்டால் வாயை வாயைத் துடைத்துக்கொள்கிறார். எங்கள் அப்பா "எலை போட்டாச்சு, வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்கிறார். "இருக்கட்டும் மச்சான், நல்லபடியா முடியட்டும், ஒங்க வீட்லயே கெடந்து சாப்புடுறேன்" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். கிளம்பின மனுஷன் நேரே பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் உட்கார்ந்து, புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அள்ளி அள்ளித் தின்றதை எங்கள் அண்ணன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். வீடே சிரித்தது. பசியோடு கிளம்பி ஓட்டலில் சாப்பிட்டாரே, நம் வீட்டை அவ்வளவு மதிக்கிறாரே என்று எங்கள் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பேசி முடித்த பிறகு வந்தார் பார், அன்று அவருக்குப் பரிமாறியே எங்கள் அண்ணிக்கு இடுப்பு விட்டுப்போனது. உன் அப்பா இந்தக் கதையை நடித்தே காட்டுவார். அவர் தவறிப்போனபோது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். நடித்துக் காட்டியது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

அன்று கயல் வீட்டார் கிளம்பிப் போன பிறகு நான் அடுப்படி ஜன்னலோரம் நின்று பாயசத்தைக் குடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அதை நீ வாசற்படியில் நின்று பார்த்தாய். எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாய். அங்கேதான் எல்லாம் கெட்டது என்று இப்போது புரிகிறது. நான் அவமானப்பட்டு அழவில்லை, தம்பி. கயலின் அப்பா கிளம்பும்போது உன் அப்பா படத்துக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "நேரம் கூடி வரட்டும் தங்கச்சி, வந்து ஒக்காந்து சாப்புடுறோம்" என்றார். அப்படிச் சொன்னால் அவர் மனசில் பாதிக்கு மேல் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சந்தோஷத்தில் உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. வருந்திக் கூப்பிடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் இருந்து கூப்பிட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன், கண் நிறைந்துவிட்டது. நீயோ அந்த "நேரம் கூடி வரட்டும்" என்பதை உன் ஆபீசில் "பார்க்கலாம்" என்று சொல்லித் தட்டிக் கழிப்பார்களே, அப்படி எடுத்துக்கொண்டாய்.

நீ அப்படி எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரியும். உன் பெரியப்பா மகள் சடங்கு வீட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டு வரிசையாக வந்தது. என்னிடம் வந்ததும் தாண்டிப் போனது. நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டேன். பழகிவிட்டது. நீ அப்போது காலேஜ் முதல் வருஷம். பந்தியில் சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து வந்து "வாங்கம்மா போவோம்" என்று என் கையைப் பிடித்தாய். உன் கையிலிருந்த சாம்பார் என் சேலையில் ஒட்டியது. அன்றைக்கு உனக்குப் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் யாராவது என் முன்னால் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால், என்னையே வேண்டாம் என்று சொல்வதாக உனக்குக் கேட்கிறது. புருஷன் இல்லாதவள் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று அவர்கள் நினைத்ததாக நீ முடிவு கட்டிவிட்டாய். சரிதானே? நீ வாய்விட்டுச் சொல்ல மாட்டாய், நானே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வீட்டில் நடந்ததற்கு இன்னொரு வீட்டின் மேல் கோபப்பட்டால் எப்படி? கயலின் அப்பா எந்தத் தட்டையும் என்னைத் தாண்டிக் கொண்டுபோகவில்லையே.

கடையில் கல்யாணப் பட்டு எடுக்க வருகிற சம்பந்திகளை நான் தினமும் பார்க்கிறேன். கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பதால், பெண்ணின் அம்மா மரியாதைக்கு "ஒங்க இஷ்டம் மதினி, எதுன்னாலும் சரி" என்பார். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் குனிந்து "பாத்தீங்களா, மகளுக்கு எடுக்குற சேலையில ஒரு அக்கறை இருக்கா?" என்று முணுமுணுப்பார். இரண்டு பேருமே நல்லவர்கள்தான். நான் நடுவில் புகுந்து "அக்கா, அவங்களுக்கு அந்த அரக்கு பிடிச்சிருக்கு, ஒங்ககிட்டச் சொல்லக் கூச்சப்படுறாங்க" என்று எடுத்துக் கொடுப்பேன். உடனே இரண்டு முகமும் மலர்ந்துவிடும். ஊர்ச் சம்பந்திகளுக்கெல்லாம் இப்படி இடையில் புகுந்து பேசுகிறவள், என் வீட்டில் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து "அவுக சாப்புட மாட்டாகடா, அதான் மொற" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். கேஸ்காரர் மணியடிக்கிறார், இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். இனி தள்ளிப்போட முடியாது. நேற்று லீவு போட்டுவிட்டு ஆவுடையார்கோவிலுக்கு, கயல் வீட்டுக்குப் போனேன். புதுக்கோட்டையில் ஒரு பஸ், அறந்தாங்கியில் ஒரு பஸ். பழமும் பூவும் வாங்கிக்கொண்டேன். பையன் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு அம்மா வருகிறாளே, எந்த முகத்தோடு வருகிறாள் என்று கேட்டால் என்ன சொல்வது? அறந்தாங்கியில் இறங்கி அப்படியே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் போனபோது மத்தியானமாகிவிட்டது. கயலின் அப்பா தன் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து "வாங்க தங்கச்சி" என்றார். கயலும் லீவில் வந்திருக்கிறாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள், வா என்று கூப்பிடவில்லை. முகம் வாடிப் பாதியாகியிருந்தது. கயலின் அம்மா "காப்பி போடட்டா மதினி? சாப்புடச் சொன்னா நீங்க சாப்புட மாட்டீக" என்றார்.

"சாப்புடுறேன் மதினி. எலை போடுங்க" என்றேன்.

நான் என்ன சொன்னேன் என்று அவர்கள் மூன்று பேரில் இரண்டு பேருக்குப் புரிந்தது. கயலுக்கு அப்பா முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. "ஒண்ணுமே செய்யலயே மதினி, வெறும் கத்திரிக்கா புளிக்கொழம்பும் கீரையுந்தான் இருக்கு. செத்த இருங்க, பாயசம் வச்சுர்றேன்" என்று கயலின் அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைந்தார். எனக்குப் பாயசம் வேண்டாம், இருப்பதைப் போடுங்கள் என்றேன். கயலின் அப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார். "தம்பிக்குத் தெரியுமா தங்கச்சி?" தெரியாது என்றேன். "அவன் கோவத்துல இருக்கான்ணே. எனக்காகத்தான் கோவப்பட்டான். அவன் பேசுனது தப்பு. அத அவன்தான் வந்து சொல்லணும், நான் சொல்லப்படாது. நான் என் பங்குக்குக் கை நனைக்க வந்தேன்" என்றேன். அவர் கொல்லைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கயல்தான் சோறு கொண்டுவந்தாள். போடாமல் நின்றாள். "அவரு அனுப்புனாரா அத்தை?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப எனக்கு இன்னும் கோவந்தான்" என்றாள். "கோவமாவே இரு ஆத்தா. சோத்தப் போடு, பசிக்குது" என்றேன். அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டாள். போட்டது எனக்கு ரெண்டு நாளைக்குக் காணும். நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. உன் தாத்தா இருந்து பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். கிளம்பும்போது கயலின் அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, குங்குமம் எல்லாம் வைத்து என் முன்னால் நீட்டினார். நான் பூவையும் குங்குமத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். "எடுத்துக்கங்க மதினி. ஒங்க கையாலதான் எங்க புள்ளைக்கு வச்சு விடணும்" என்றார். கயல் வந்து தலையைக் குனிந்தாள். வைத்துவிட்டேன்.

இதுதான் நான் செய்த காரியம். உன்னைக் கட்டிப் போடுவதற்காக இதைச் செய்யவில்லை. எனக்கு அவமானம் நடந்தது என்று நீ சம்பந்தத்தை முறித்தாய். அவமானம் நடக்கவில்லை என்று நான் சாட்சி சொல்லிவிட்டேன். இதற்கு மேலும் உனக்கு வேண்டாம் என்றால், அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அதை எனக்கு மெசேஜில் அனுப்பாதே, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நேரில் சொல். அப்படிச் சொன்னாலும் நான் உன்னோடு சண்டை போட மாட்டேன், அழுதுவிட்டு அடங்கிவிடுவேன். ஆனால் நீ அப்படிச் சொல்ல மாட்டாய் என்றுதான் பெற்ற மனசு சொல்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். அங்கே போய் "நீங்க என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று ஆரம்பிக்காதே. அந்த வாக்கியத்தில் முதலில் உன்னை வை. அந்த ஒன்றைச் சொல்ல உனக்குக் கஷ்டமாக இருக்கும். நானும் இந்தப் பேப்பரில் அதை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று வாசல் வரை வந்த கயல் என் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தாள். பஸ் வந்ததும் பையை என் கையில் கொடுத்தாள். "அவர வந்து சாப்புடச் சொல்லுங்க அத்தை. சண்டைய அப்பறம் வச்சுக்கிறேன்" என்றாள். உனக்கு விமானம் அடுத்த வாரம்தானே. சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் அறந்தாங்கி. நம் வீட்டுக்குக்கூட வர வேண்டாம், நேரே கயல் வீட்டுக்குப் போ. போய் உட்கார்ந்ததும் சாப்பிடுங்கள் என்பார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டு பசியில்லை என்று சொல்லிவிடாதே. இத்தனைக்கும் பிறகு நீ வேண்டாம் என்றால் அந்த மனுஷன் என்னவென்று எடுத்துக்கொள்வார்? வழியில் எந்த ஓட்டலிலும் இறங்கிச் சாப்பிடாதே, தம்பி. பசியோடு போ.

உன் அம்மா